பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: பெங்களூர்த் தமிழ் வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2017-க்கு முன்னால் வாங்கிய லேப்டாப்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும்கூட, இந்தக் கணக்கில் அநேகமாக வெளியே நின்றுவிடுகின்றன. பெங்களூரில் இப்படி ஒரு லேப்டாப் அலமாரியில் கிடக்காத வீடு குறைவு. அல்சூர், விவேக் நகர், கே.ஆர். புரம் என்று தெரிந்தவர்கள் வீடுகளில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸை நான் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் அந்த லேப்டாப்களில்தான்.

லினக்ஸை நிறுவுவது அரை மணி நேர வேலை. அந்த வீட்டில் அது நிலைக்குமா என்பது அடுத்து வரும் வாரத்தில்தான் தெரியும். பிரின்டர் ஓட வேண்டும், தமிழ் தட்ட வர வேண்டும், பத்து வருஷத்துப் பழைய ஃபைல் திறக்க வேண்டும். அதனால் நிறுவும் பகுதியைச் சுருக்கமாகவும், அதன் பிறகு வருவதை விரிவாகவும் எழுதுகிறேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் வேலை எதுவும் இதில் இல்லை; எல்லாமே மெனுவில் முடியும்.

முதலில், என்னென்ன வேலை என்று கேளுங்கள்

லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து, அதில் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். பிரவுசரில் நடக்கும் வேலை எதுவும் பிரச்சினை இல்லை. கரண்ட் பில், ரயில் டிக்கெட், மின்னஞ்சல், யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ அப்படியே நடக்கும். ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் லினக்ஸ் செயலி 2022 கடைசியில் நிறுத்தப்பட்டது. பிரவுசர் வழியாக டீம்ஸ் ஓடும்.

நிற்க வேண்டிய இடங்களும் உண்டு. கணக்கு எழுதும் டாலி, லினக்ஸுக்கு என்று வருவதில்லை. ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் இரண்டும் அப்படித்தான். வீட்டில் யாராவது ஜிஎஸ்டி, கம்பெனி கணக்குத் தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகுகிறார்கள் என்றால், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த அடி வையுங்கள். பிழைப்பு டாலியில் இருப்பவரின் ஒரே லேப்டாப்பில் லினக்ஸ் போட நான் சம்மதிப்பதில்லை. அது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

எந்த லினக்ஸ், எவ்வளவு ரேம்

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. வீட்டுக்கு என்றால் லினக்ஸ் மின்ட் என்றே சொல்வேன். 22-ஆம் வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் பழகிய கைக்கு மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். அப்பா அம்மாவுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்ட்டில் சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. பார்க்கக் கொஞ்சம் எளிமை, ஆனால் கை வைத்ததும் திறக்கும். குறைந்தபட்சம் 2 ஜிபி போதும் என்று மின்ட் சொல்கிறது. சிஸ்டத்துக்கு அது போதும்தான், இன்றைய இணையதளங்களுக்குப் போதாது.

ஹார்ட் டிஸ்க் இன்னும் பழைய சுழலும் வகையாக இருந்தால் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். டவுன் ஹால் பக்கத்தில் இருக்கும் எஸ்.பி. ரோடு போய் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். லினக்ஸ் தரும் வேகத்தைவிட எஸ்எஸ்டி தரும் வேகம் அதிகம். இதை ஒளிக்க வேண்டியதில்லை. ரேமும் சேர்த்து வாங்குவதானால் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்று பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. டிடிஆர்3எல், டிடிஆர்3-இன் இடத்தில் உட்காரும், ஆனால் மின்னழுத்தம் வேறு.

பென் டிரைவ் தயார் செய்தல்

மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை மின்ட் தளத்திலிருந்து இறக்குங்கள், சுமார் 3 ஜிபி. 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். இறக்கியதும் ஃபைல் முழுதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் செவன்ஜிப் இருந்தால் ஃபைல் மீது வலது கிளிக் செய்து, ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை எடுத்து மின்ட் தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடலாம். பாதியில் நின்ற டவுன்லோடு நிறுவும்போது விசித்திரமான இடத்தில் பிழை காட்டும். இந்த ஒரு நிமிட வேலை அதிலிருந்து காப்பாற்றும். அப்புறம் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இப்போதே, விண்டோஸுக்குள் இருக்கும்போதே, மூன்று வேலை உண்டு. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது ஓடினால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது காலி இடம் விடுங்கள்.

போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ இரண்டிலும் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 தட்டி, லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அந்த வசதியை இயக்க வேண்டும்.

மின்ட் பென் டிரைவிலிருந்தே முழுதாக ஓடும். உங்கள் டிஸ்க்கைத் தொடாது. இந்த நிலையில் அரை மணி நேரம் செலவழியுங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள், எழுந்துகொள்ள வேண்டும். பிரின்டர் வீட்டில் இருந்தால் அதையும் இப்போதே மாட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தைக் கணிக்க வேண்டாம்.

திரை கறுப்பாகவே நின்றால் பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுதான் காரணம். மறுபடி தொடங்கி, முதல் மெனுவில் காம்பேட்டிபிலிட்டி மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வரவில்லை என்றால் அநேகமாக பிராட்காம் சிப். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கல் வரும். ஆண்ட்ராய்டு ஃபோனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இந்த முடிச்சு உடனே அவிழும். நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு ரெய்டு அல்லது விஎம்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் உள்ளே விண்டோஸ் இருந்தால் அந்த மாற்றத்துக்குப் பின் அது தொடங்காமல் போகலாம், ஆகவே முதலில் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

நிறுவுதல்

டெஸ்க்டாப்பில் இருக்கும் நிறுவும் ஐகானைத் திறந்தால் வழி தானாகத் தெரியும். கவனிக்க வேண்டிய இடங்கள் மட்டும் சொல்கிறேன்.

விசைப்பலகை கேட்கும்போது, இந்திய ஆங்கிலத்தில் ரூபாய்க் குறியோடு வரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வலது ஆல்ட்டோடு 4-ஐத் தட்டினால் ₹ விழும். மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள். பழைய கல்யாண வீடியோக்கள் ஓட அது வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப் என்றால் இங்கே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வரும். பார்த்ததும் பலர் பயந்து பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை: என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

டிஸ்க் பற்றிக் கேட்கும் பக்கத்தில் மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். முழு டிஸ்க்கையும் அழிப்பது ஒரு தேர்வு, விண்டோஸோடு சேர்த்துப் போடுவது இன்னொன்று. நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா என்று வருவது சரிதான்.

இரண்டும் சேர்ந்திருக்கும் சில லேப்டாப்களில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நடுவில் இருப்பது நம் 5.30. விண்டோஸின் நேர அமைப்பில் சிங்க் நவ் கொடுத்தால் சரியாகும்.

முதல் ஒரு மணி நேரம்

முதலில் டைம்ஷிஃப்ட். மின்ட்டோடு வருகிறது, திறந்து ஆர்சிங்க் வகையைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்று என்று வைத்து, உடனே ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். பின்னால் ஏதாவது அப்டேட்டோ டிரைவரோ படுத்தினால் சிஸ்டத்தை இந்த நிலைக்குத் திருப்பிவிடலாம். லேப்டாப் தொடங்கவே இல்லை என்றாலும் பென் டிரைவில் இருக்கும் டைம்ஷிஃப்டைக் கொண்டு மீட்கலாம், அதனால் அந்தப் பென் டிரைவை அழிக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் ஃபோட்டோக்களை அது தொடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு வெளி டிஸ்க் வேண்டும்.

அடுத்து, சாஃப்ட்வேர் சோர்சஸில் அருகில் இருக்கும் வேகமான மிரரை (அப்டேட்களை இறக்கும் நகல் தளத்தை) தேர்ந்தெடுத்துவிட்டு, அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். பிறகு டிரைவர் மேனேஜர். என்விடியா, பிராட்காம் இரண்டும் இங்கே தீரும். ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள்.

அப்டேட் விஷயத்தில் லினக்ஸ் தரும் நிம்மதியைச் சொல்லியே ஆக வேண்டும். மூலையில் ஒரு சின்னக் குறி மட்டும் வரும். நீங்கள் கிளிக் செய்கிறவரை காத்திருக்கும். பரீட்சை நடுவில், மீட்டிங் நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே லினக்ஸில் தங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

தமிழில் தட்டுவது

இங்கேதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதனால் நிதானமாகப் போவோம்.

கீபோர்டு அமைப்பில் தமிழ் என்று தேடினாலே இன்ஸ்கிரிப்ட், தமிழ்நெட் 99 (அதாவது தமிழ் 99) என்று சில விசை அமைப்புகள் வரும். அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தமிழ் 99-இன் அழகே தானாகப் புள்ளி விழுவதுதான். விசைக்கு ஒரு எழுத்து என்ற முறையில் இயங்கும் அந்த அமைப்பால் அதைச் செய்ய முடியாது. நமக்கு வேண்டியது ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும், அதோடு சேர்ந்த எம்17என் தொகுப்பும்.

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்று ஆங்கில எழுத்தில் தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து, ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து மறுபடி வாருங்கள். இதைச் செய்யாமல் வரவில்லையே என்று தேடுபவர்கள் நிறைய. பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் இன்புட் மெத்தட் பக்கத்தில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, ஃபோனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக நிற்கும். பதிப்புக்குப் பதிப்பு இந்த மெனுக்களின் இடம் மாறலாம்; மெனுவில் பெயரைத் தட்டித் தேடினால் போதும். சூப்பர் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் போட்ட விசை.

இப்போது தமிழ் 99-ஐச் சோதித்துப் பாருங்கள். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு: அம்மா. நடுவில் புள்ளி நீங்கள் வைக்கவில்லை, ஒரே மெய் இரண்டாவது முறை வந்ததும் முதல் எழுத்துக்குத் தானாக விழுந்தது. த, ங, க என்று தட்டினால் தங்க. அங்கேயும் ங-வுக்குப் புள்ளி தானாக வரும். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில் என்று பிரிந்திருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் ஃபோனெட்டிக்கையே வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவர் தமிழ் 99-க்கு மாறினால் கை வலி குறையும்.

பெங்களூர் வீடுகளில் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிப்பார்கள். அதே ஐபஸில் கன்னடத்தின் கேஜிபி அமைப்பையும் சேர்த்துவிடுங்கள். நுடி என்ற கன்னடத் தட்டச்சு மென்பொருளில் பழகியவர்களுக்கு அது கைக்கு வரும். ஒரே லேப்டாப்பில் பாட்டிக்குத் தமிழ், பேத்திக்குக் கன்னடம், மற்ற எல்லாருக்கும் ஆங்கிலம். ஸ்பேஸ் விசை ஒன்றில் இது நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. நீளமாகப் படிக்க என் தேர்வு மீரா இனிமை.

பழைய ஃபைல்களும் லிப்ரே ஆஃபிஸும்

"நம்ம பழைய வேர்டு ஃபைலெல்லாம் இதுல திறக்குமாப்பா?" எங்கள் தெருவில் கோயில் கமிட்டிக்குக் கடிதம் எழுதித் தரும் அக்கா முதலில் கேட்டது இதைத்தான். திறக்கும், ஆனால் சில வேலை உண்டு அக்கா என்றேன்.

லிப்ரே ஆஃபிஸில் தமிழுக்கு என்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு இன்னொன்று என்று இரண்டாக வைத்திருக்கும். ஸ்டைலில் எழுத்தின் அளவை 14 என்று மாற்றியும் தமிழ் மட்டும் 12-லேயே நிற்கிறதென்றால் காரணம் இதுதான். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிகள் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை (சிடிஎல்) இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே ஆப்ஷன்ஸில் ரைட்டர் பகுதியில் சிடிஎல் என்ற பெயரில் இருக்கும் அடிப்படை எழுத்துருக்களை உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். ஒரு முறை செய்தால் போதும்.

விண்டோஸில் லதா, நிர்மலா யுஐ எழுத்துருவில் எழுதிய ஃபைல் இங்கே வேறு எழுத்துருவில் திறக்கும். படிக்கலாம், ஆனால் வரி உடைந்து பக்க எண்ணிக்கை மாறும். ஆங்கிலத்தில் கலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா என்று அதே அகலத்தில் செய்த மாற்றுகள் உண்டு. தமிழுக்கு அப்படி வசதி இல்லை. அச்சுக்குப் போகும் ஃபைலை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

பாமினியில் அடித்த பழைய ஃபைல் வேறு கதை. திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. பாமினி எழுத்துரு ஃபைல் இருந்தால் இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் அழுத்துங்கள், ஃபைல் மறுபடி படிக்க வரும். ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள். எந்தக் கணினியிலும் படிக்க வரும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்ற, இணையத்தில் இருக்கும் மாற்றிகளில் ஒன்றில் உரையைக் கொடுத்து மாற்றிச் சேமியுங்கள். மாற்றாத ஃபைலில் ஒரு பெயரைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது. கோயில் கணக்கு, சங்கத்து மலர், தாத்தா எழுதிய கவிதை என்று எவ்வளவோ இன்னும் பாமினியில் முடங்கிக் கிடக்கிறது. நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை இது.

பிரின்டர், ஸ்கேனர்

வைஃபையில் இருக்கும் புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே தானாகத் தெரியும். எச்பிக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு. எப்சனின் இங்க் டேங்க் வகைகளுக்கும் டிரைவர் கிடைக்கிறது. சிரமம் தருவது கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர்கள். அவை கேப்ட் என்ற தனி முறையில் பேசுபவை, தனி டிரைவர் போட்டுப் போராட வேண்டியிருக்கும். புதிதாக வாங்குவதானால் ஏர்பிரின்ட் ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் லினக்ஸிலும் ஓடும்.

ஸ்கேனர் பகுதியில் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. டாக்குமென்ட் ஸ்கேனரில் பக்கங்களை ஒவ்வொன்றாக வைத்து ஒரே பிடிஎஃப் ஆக்கலாம். ஜிஇமேஜ்ரீடரையும் டெசராக்டின் தமிழ்த் தரவையும் நிறுவினால், அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படித்து யூனிகோடு எழுத்தாகவே கொடுக்கும். தெளிவான அச்சு என்றால் திருத்த வேண்டியது குறைவு. பழைய பத்திரங்களின் கையெழுத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

தினசரித் தொல்லைகள் சில

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டு நன்றாகக் கேட்டு, மீட்டிங்கில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், மைக் ஆன் ஆனதும் தரம் குறைந்த முறைக்கு அது மாறுகிறது. சவுண்ட் அமைப்பில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்ஃபோன் பழைய தரத்துக்குத் திரும்பும்.

சினிமாத் தளங்கள் ஓட, ஃபயர்ஃபாக்ஸில் டிஆர்எம்மை (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை) அனுமதியுங்கள். தெளிவு விண்டோஸ் அளவுக்கு இல்லாமல் போகலாம். ஃபோனிலிருந்து படங்களை எடுக்க வார்ப்பினேட்டர் இருக்கிறது. ஃபோனிலும் அதைப் போட்டால் ஒரே வைஃபையில் கேபிள் இல்லாமல் போகும் வரும். பேட்டரிக்கு டிஎல்பி நிறுவினால் போதும், அமைப்பு எதையும் தொட வேண்டாம்.

அடுத்த பதிப்பு வரும்போது

22-ஆம் வரிசைக்குள் புதுப் பதிப்பு வந்தால் அப்டேட் மேனேஜரின் எடிட் மெனுவிலேயே தெரியும். அவசரம் இல்லை, பழையதற்கும் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டேயிருக்கும். போட முடிவு செய்தால் முந்தின நாள் டைம்ஷிஃப்ட் ஒன்று எடுங்கள், ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பழைய லேப்டாப்களில் பேட்டரி நிற்காது. அப்படி இருந்தால் யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். மே மாதச் சாயங்காலத்தில், இடி இடிக்கும் நேரத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். பாதியில் கரண்ட் போய் நின்ற அப்டேட்டைச் சரிசெய்ய, டப்பாவில் வைத்த அந்தப் பென் டிரைவோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டிவரும்.